டைவ் பார் பர்கர்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்களிடமிருந்தும், அங்கே போய்வரத் தயாராகும் வாசகர்களிடமிருந்தும் ஒரே பொருளைப் பற்றிக் கேள்விகள் குவிந்திருக்கின்றன. தெருமுனையில் இருக்கும் பழைய பார், அங்கே கிடைக்கும் பர்கர். இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

‘டைவ் பார்’ என்றால் சரியாக என்ன? அங்கேதான் நல்ல பர்கர் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே போகவே தயக்கமாக இருக்கிறது. நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்களில் நிலவறைகளில் நடந்த மலிவான மதுக்கடைகளை ‘டைவ்’ என்றார்கள். தெருவிலிருந்து படியிறங்கி, தண்ணீரில் முங்குவதுபோல உள்ளே மறைந்துவிடலாம் என்பதால் வந்த பெயர் என்பது பொதுவான விளக்கம். அன்று அது வசைச்சொல். இன்று அந்த வட்டாரத்து மக்கள் தங்கள் பாரை அன்போடு அப்படி அழைக்கிறார்கள். மங்கிய விளக்கு, பீர் கம்பெனியின் நியான் பலகை, டேப் ஒட்டிய ஸ்டூல், ஒரு பூல் மேசை, தினமும் அதே இடத்தில் உட்காரும் நாலு பேர். இவ்வளவுதான் அதன் அலங்காரம். பயப்பட ஒன்றுமில்லை.

பர்கர் நன்றாக இருக்குமா என்பதற்கு மெனுவைப் பாருங்கள். ஒரே தாளில் நாலைந்து பர்கர், ஒரு சாண்ட்விச், சிப்ஸ் என்று முடிந்தால் நல்ல அறிகுறி. பீட்சா, டாக்கோ, விங்ஸ், பாஸ்தா என்று நாலு பக்கம் ஓடினால் பெரும்பாலானவை ஃப்ரீசரிலிருந்துதான் வரும். அடுத்து, பார் மேசையைச் சுற்றி ஒரு பார்வை விடுங்கள். மதிய நேரத்தில் வேலை உடுப்போடு வந்திருக்கும் மெக்கானிக், தபால்காரர், கட்டடத் தொழிலாளி முன்னால் பர்கர் இருந்தால் உட்காரலாம். மூன்றாவது அடையாளம் பர்கரின் ஓரம். கையால் தட்டிய கறி வட்டின் ஓரம் வெடித்து, மேடுபள்ளமாக இருக்கும். அச்சில் வார்த்ததுபோல ஒழுங்கான வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் இருந்தால் பெட்டியில் உறைந்து வந்தது. வேலையாள் வட்டுகளுக்கு இடையே இருக்கும் மெழுகுத்தாளைப் பிய்த்து எடுப்பதைப் பார்த்தாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

இரண்டு மடங்கு விலை கொடுத்து நல்ல உணவகத்தில் சாப்பிடும் பர்கரைவிட இந்தப் பழைய பாரின் பர்கர் ருசியாக இருப்பது எப்படி? பிரமையா, காரணம் உண்டா?
– வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பிரமை இல்லை. முதல் காரணம் கல். பார் மேசைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தட்டையான இரும்புக் கல் 2 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ கனமுள்ள எஃகுத் தகடு. காலையில் சூடேற்றினால் இரவுவரை ஆறாது. குளிர்ந்த கறியை வைத்ததும் வீட்டு வாணலி சூட்டை இழந்துவிடும். இந்தக் கல் இழக்காது. கறியின் மேற்பரப்பில் உள்ள ஈரம் வற்றி, வெப்பம் 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதுதான் பழுப்பு மொறுமொறுப்பும் வறுத்த மணமும் வேகமாக உருவாகும். ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆறாத கல்லில் அந்த ஈரம் சில நொடிகளில் பறந்துவிடுகிறது.

இரண்டாவது கொழுப்பு. நல்ல பார்களில் பயன்படுவது ‘80-20’ எனப்படும் கொத்துக்கறி. அதாவது 80 பங்கு கறி, 20 பங்கு கொழுப்பு. மாட்டின் தோள்பகுதியான ‘சக்’கிலிருந்து அரைத்தது. கரி அடுப்புக் கம்பியில் சுட்டால் உருகும் கொழுப்பு நெருப்பில் சொட்டிப் போய்விடும். கல்லில் அது வட்டைச் சுற்றியே நின்று, கறி தன் கொழுப்பிலேயே பொரிகிறது. கரிப்புகை மணத்தை விரும்புகிறவர்கள் கம்பியில் சுட்டதைக் கேட்பார்கள். எங்கள் ஓட்டு கல்லுக்குத்தான்.

மூன்றாவது, உப்பு. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பல பெரிய சமையலறைகள் தவறுவது இங்கேதான். கொத்துக்கறியோடு உப்பைப் பிசைந்து வைத்தால் கறியிலுள்ள மயோசின் என்ற புரதம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெந்ததும் சாசேஜ் மாதிரி இறுகி, ரப்பராகக் கடிபடும். பார் சமையல்காரர் கறியைக் கல்லில் வைத்த பிறகுதான் உப்பை மேலே தூவுகிறார். உள்ளே கறி உதிரியாகவே இருக்கிறது. வெங்காயம், முட்டை, ரொட்டித்தூள் என்று எதையும் சேர்ப்பதும் இல்லை.

நான்காவது, சீஸ். ‘அமெரிக்கன் சீஸ்’ என்ற மஞ்சள் வில்லையைத் தரக்குறைவாகப் பேசுவது வழக்கம். பர்கருக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. அதில் சேர்க்கும் சிட்ரேட் அல்லது பாஸ்பேட் உப்புகள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துவைப்பதால், நாள்பட்ட செடார்போல எண்ணெய் கக்காமல் குழம்பாக உருகும். பதப்படுத்திய சீஸை 1911இல் ஸ்விட்சர்லாந்தில் உருவாக்கினார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் எல். கிராஃப்ட் 1916இல் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வட்டின்மேல் வில்லையை வைத்து, பக்கத்தில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி, குவிந்த மூடியால் மூடுவார்கள். அரை நிமிட ஆவியில் சீஸ் வழியும்.

இவற்றையெல்லாம் கெடுப்பது கூட்டம். சின்னக் கல்லில் ஒரே சமயத்தில் இருபது வட்டுகளை அடுக்கினால் அந்தக் கனத்த தகடும் ஆறித்தான் போகும். கறி சாறு விட்டு, அதிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளி இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ‘இதற்கா இவ்வளவு பேர்?’ என்று கேட்பவர்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். வார நாளில் மதியக் கூட்டம் கலைந்த பிறகு, 2 மணியிலிருந்து 4 மணிக்குள் போங்கள். சமையலறை மூடும் நேரத்தை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பார் நள்ளிரவு தாண்டித் திறந்திருந்தாலும் கல்லை 9 மணிக்கோ 10 மணிக்கோ சுரண்டித் துடைத்துவிடுவார்கள்.

உள்ளே போக அடையாள அட்டை வேண்டுமா? எட்டு வயது மகனை அழைத்துப் போகலாமா?
– வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்துக்குப் பிறகு 1988க்குள் எல்லா மாநிலங்களும் இதற்கு வந்துவிட்டன. நரைத்த தலைக்காரரிடமும் அட்டை கேட்பார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க மாநில ஓட்டுநர் உரிமம், மாநில அடையாள அட்டை, பாஸ்போர்ட் ஆகியவை செல்லும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டையே கையில் கொடுத்து அழைத்துப் போங்கள். வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்தைப் பல இடங்களில் ஏற்பதில்லை. கைபேசியில் இருக்கும் பாஸ்போர்ட் படமும், காலாவதியான அட்டையும் உதவாது.

பிள்ளைகள் விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் கலிஃபோர்னியாவில் உரிமத்தின் வகையைப் பார்க்க வேண்டும். வகை 47 என்றால் உணவகம், பிள்ளைகள் வரலாம். வகை 48 என்றால் பார். 21 வயதுக்குக் கீழ் யாரும் உள்ளே நுழையக் கூடாது, அங்கே பர்கர் விற்றாலும் சரி. வாசலிலேயே அறிவிப்பு இருக்கும். விஸ்கான்சினில் பெற்றோருடன் வரும் பிள்ளைகளைப் பாரில் சாதாரணமாகப் பார்க்கலாம். சந்தேகம் என்றால் கிளம்புமுன் தொலைபேசியில் ‘பிள்ளைகள் வரலாமா, எத்தனை மணிவரை?’ என்று கேட்டுவிடுங்கள். அனுமதிக்கும் இடங்களிலும் இரவு 8 அல்லது 9 மணிக்குமேல் கூடாது என்று வைத்திருப்பது உண்டு.

எங்கே உட்காருவது, யாரிடம் சொல்வது, எப்போது பணம் கொடுப்பது என்று ஒன்றும் புரியவில்லை. டிப்ஸ் எவ்வளவு?
– வாசகி, பஃபலோ, நியூயார்க்

‘உட்கார வைக்கப்படும்வரை காத்திருக்கவும்’ என்ற பலகை இல்லாவிட்டால் காலியான ஸ்டூலில் உட்காருங்கள். தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் பார் மேசைதான் நல்ல இடம். கல்லும் கண்ணில் படும், உணவும் சூடாகக் கைக்கு வரும். ஸ்டூலின்மேல் கோட்டோ, கிளாஸின்மேல் கோஸ்டரோ இருந்தால் ஆள் வெளியே போயிருக்கிறார், திரும்பி வருவார் என்று அர்த்தம்.

பார்டெண்டரைக் கையசைத்தோ, விரல் சொடுக்கியோ, பணத்தை ஆட்டியோ கூப்பிடக் கூடாது. அவர் உங்களைப் பார்த்துவிட்டார், முறைப்படி வருவார். வந்ததும் தயாராகச் சொல்லுங்கள். பானம், பர்கர், எவ்வளவு வேக வேண்டும், எந்தச் சீஸ், வெங்காயம் பச்சையா வதக்கியதா என்று ஒரே மூச்சில் சொன்னால் அவருக்கு உதவி. கூட்டமாகப் போனால் எல்லோரும் சேர்ந்து ஒரே தடவையில் சொல்லுங்கள். கல்லுக்கு ஒருவர்தான் இருப்பார். ஐந்து நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சொன்னால் அவர் வேலை சிதறும், உங்கள் சாப்பாடும் தனித்தனி நேரத்தில் வரும்.

‘ஓப்பனா, க்ளோஸா?’ என்று கேட்பார். கணக்கைத் திறந்து வைத்துக் கடைசியில் மொத்தமாகக் கட்டுவது ஓப்பன். அதற்கு உங்கள் கார்டை வாங்கி வைத்துக்கொள்வதோ தேய்த்துக் கொடுப்பதோ உண்டு. கிளம்பும்போது கணக்கை முடிக்க மறந்தால் சில பார்கள் தாங்களே 20 சதவீதம் டிப்ஸ் சேர்த்து முடித்துவிடும். கார்டில் முதலில் தெரியும் தொகை தற்காலிகமானது. டிப்ஸ் சேர்ந்த இறுதித் தொகை ஓரிரு நாளில் வரும். இரண்டு தடவை எடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். ரொக்கம் மட்டுமே வாங்கும் பார்கள் இன்னும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஏ.டி.எம். தனிக் கட்டணம் பிடிக்கும். 1, 5, 20 டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோவது வசதி.

டிப்ஸ்: குடிக்க மட்டும் என்றால் ஒரு பானத்துக்கு 1 முதல் 2 டாலர். சாப்பாடும் சேர்ந்தால் வரிக்கு முந்தைய தொகையில் 20 சதவீதம். 23 டாலர் வந்தால் 5 டாலர் வைத்துவிடுங்கள். இது இனாம் அல்ல என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். டிப்ஸ் பெறும் தொழிலாளருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.13 டாலர்தான், 1991இலிருந்து ஏறவில்லை. பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக நிர்ணயித்திருக்கின்றன. கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா போன்றவற்றில் முழுக் குறைந்தபட்ச ஊதியமும் தரவேண்டும். ஆனாலும் டிப்ஸ் வழக்கம் எங்கும் ஒன்றே.

கணக்கு விஷயத்தில் ஒரு அருமையான விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். மிச்சிகனில் டியர்பார்ன் நகரத்தின் மில்லர்ஸ் பார் 1941இலிருந்து நடக்கிறது. அங்கே மெனு அட்டையும் கிடையாது, தட்டும் கிடையாது. பர்கர் மெழுகுத்தாளில் வரும். சாப்பிட்டு முடித்து, என்னென்ன சாப்பிட்டோம் என்று நாமே சொல்லிப் பணம் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் சொல்வதுதான் கணக்கு.

‘எப்படி வேக வேண்டும்?’ என்று கேட்டால் என்ன சொல்வது? என் மனைவி கர்ப்பமாக இருக்கிறார். உள்ளே சிவப்பாக இருக்கும் பர்கரைச் சாப்பிடலாமா?
– வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்

உங்கள் மனைவிக்கு: கூடாது. ‘வெல் டன்’ என்று சொல்லுங்கள். நடுப்பகுதி 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்க வேண்டும். சிறு பிள்ளைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதே.

ஸ்டேக்கை உள்ளே சிவப்பாகச் சாப்பிடுகிறார்களே என்று கேட்பீர்கள். முழுத் துண்டில் கிருமி இருந்தால் அது பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். கல்லில் பட்டதும் அழியும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு உள்ளே கலந்துவிடுகிறது. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கர்களிலிருந்து ஈ.கோலை ஓ157 கிருமி பரவி 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மறு ஆண்டே அந்தக் கிருமி உள்ள பச்சைக் கொத்துக்கறியைக் கலப்படப் பொருள் என்று அமெரிக்க வேளாண்துறை அறிவித்தது. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் நட்சத்திரக் குறியோடு ஓர் எச்சரிக்கை இருக்கும், பார்த்திருப்பீர்கள். வேகாத இறைச்சியைக் கேட்பவர் தன் பொறுப்பில் கேட்கிறார் என்பதற்காகத்தான் அது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சில கறி 71 டிகிரியைத் தொடுமுன்பே பழுப்பாகிவிடும். சில அதைத் தாண்டியும் இளஞ்சிவப்பாக நிற்கும். தெரிந்துகொள்ள வழி வெப்பமானி ஒன்றே.

மற்றவர்களுக்கு: மீடியம் ரேர் என்றால் 54 முதல் 57 டிகிரி, நடுவில் சிவந்து வெதுவெதுப்பு. மீடியம் 60 முதல் 63, இளஞ்சிவப்பு. மீடியம் வெல் 66 முதல் 68, சிவப்பின் சாயல் மட்டும். இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருப்பது அரை பவுண்டு, அதாவது 227 கிராம் எடையுள்ள கனத்த பர்கரில்தான். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக நசுக்கிய மெல்லிய வட்டு முழுக்க வெந்துதான் வரும். அங்கே கேட்கவும் மாட்டார்கள். நன்றாக வெந்ததும் வேண்டும், வறண்டும் போகக் கூடாது என்றால் மெல்லிய வட்டு இரண்டை அடுக்கிச் சீஸ் வைத்ததைக் கேளுங்கள். கனத்த பர்கரை வெல் டன் ஆக்கச் சில இடங்களில் 15 நிமிடத்துக்கும் மேல் ஆகும். அவசரப்படுத்தினால் சமையல்காரர் அதைக் கரண்டியால் அழுத்துவார். சாறு கல்லுக்குப் போகும், உங்களுக்குச் சக்கைதான் வரும்.

ஃப்ரைஸ் கேட்டால் ‘இல்லை, சிப்ஸ்தான்’ என்கிறார்களே, ஏன்?
– வாசகர், சிகாகோ

பொரிக்கும் தொட்டி வைக்க இடம் வேண்டும், எண்ணெய் மாற்ற வேண்டும், கூடுதலாக ஒரு ஆள் வேண்டும். இரண்டடிக் கல்லும் ஒரு ஆளுமாக நடக்கும் பாரில் சிப்ஸ் பாக்கெட்டோடு முடித்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊரிலேயே, மிச்சிகன் அவென்யூவின் கீழ்த்தளத் தெருவில் 1964இலிருந்து இருக்கும் பில்லி கோட் டேவர்ன், ஃப்ரைஸுக்குப் பதில் சிப்ஸ் என்ற இந்த வழக்கத்துக்கே பேர்போனது. நியூ ஆர்லியன்ஸில் எஸ்பிளனேடு அவென்யூவில் இருக்கும் போர்ட் ஆஃப் கால் பாரில் பர்கரோடு சுட்ட முழு உருளைக்கிழங்கு வரும். வற்புறுத்திக் கேட்காதீர்கள், இல்லாததைச் செய்ய மாட்டார்கள்.

நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. நண்பர்கள் எல்லோரும் போகிறார்கள். எனக்கு அங்கே என்ன இருக்கும்?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

கருப்பு பீன்ஸ் வட்டு, தாவரப் புரத வட்டு, வான்கோழிக் கொத்துக்கறி, கோழி சாண்ட்விச், க்ரில்டு சீஸ் ஆகியவற்றில் ஒன்றாவது பல இடங்களில் கிடைக்கும். ஆனால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாம் அதே கல்லில்தான் வேகும். அந்தக் கல்லில் மாட்டுக் கொழுப்பும் பன்றி பேக்கன் கொழுப்பும் நாள் முழுக்க ஊறியிருக்கும். பன்னையும் வெங்காயத்தையும் அதிலேயே புரட்டுவார்கள். மெனுவில் இலைக் குறி போட்டிருந்தாலும் இது மாறாது.

கறித்துண்டு கலக்காவிட்டால் போதும் என்றால் சிக்கல் இல்லை. கொழுப்பும் படக் கூடாது என்றால் சொல்ல வேண்டியது இது: ‘தனி வாணலியில் செய்ய முடியுமா? பன்னை டோஸ்ட் செய்யாமல் கொடுங்கள்.’ கூட்டமில்லாத நேரத்தில் செய்து தருவார்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலை நம்பலாம். ஃப்ரைஸ் இருந்தால் கோழி விங்ஸும் அதே எண்ணெயில் பொரிகிறதா என்று கேளுங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் சிப்ஸ் பாக்கெட்டும் ஊறுகாய் வெள்ளரியும் ஒரு சோடாவுமாக நண்பர்களோடு உட்கார்ந்திருக்கலாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

குடிப்பழக்கம் இல்லை. பர்கருக்காக மட்டும் போவது மரியாதைக் குறைவா?
– வாசகர், ஃபீனிக்ஸ், அரிசோனா

இல்லவே இல்லை. கோலாவோ ரூட் பீரோ சோடா வாட்டரோ வாங்கிக்கொள்ளுங்கள். ரூட் பீர் பெயரில்தான் பீர். அது இனிப்புச் சோடா. வெறும் தண்ணீர்தான் வேண்டும் என்றால் அதுவும் சரி, டிப்ஸை மட்டும் குறைக்காதீர்கள்.

மினியாபொலிஸ் போகப்போகிறேன். ‘ஜூசி லூசி’ என்ற சீஸ் உள்ளே வைத்த பர்கரைப் பற்றிச் சொல்லுங்கள். வீட்டில் செய்தால் சீஸ் எல்லாம் வெளியே ஓடிவிடுகிறது.
– வாசகி, அட்லாண்டா, ஜார்ஜியா

இரண்டு பார்கள் அதற்கு உரிமை கொண்டாடுகின்றன. இரண்டும் சீடர் அவென்யூவில்தான். 35ஆம் தெரு முனையில் 1954இல் தொடங்கிய மேட்ஸ் பார் ஒன்று. 58ஆம் தெரு முனையில் உள்ள 5-8 கிளப் மற்றொன்று. இது மதுவிலக்குக் காலத்தில், 1928இல், கள்ளத்தனமாக நடந்த மதுக்கூடம். மேட்ஸ் பாரில் ‘ஜூசி’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘i’ என்ற எழுத்து விடுபட்டிருக்கும். அதுதான் அசலுக்கு அடையாளம் என்பது அவர்கள் கட்சி. 2014 ஜூனில் ஒபாமா சாப்பிட்டது மேட்ஸில். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். ஒன்றே வயிற்றை நிரப்பும்.

வந்ததும் கடிக்கக் கூடாது. உள்ளே அடைபட்டிருக்கும் சீஸ் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் இருக்கும். நாக்கும் மேலண்ணமும் வெந்துவிடும். மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். பிறகு ஓரத்தில் சின்னதாகக் கடித்து ஆவியை வெளியே விட்டுச் சாப்பிடுங்கள்.

இனி வீட்டில். ஒரு பர்கருக்கு 80-20 கொத்துக்கறி 170 கிராம். அதை 85 கிராமாக இரண்டாகப் பிரித்து, பன்னைவிடச் சற்று அகலமாக, 12 சென்டிமீட்டர் வட்டமாகத் தட்டுங்கள். அமெரிக்கன் சீஸ் ஒன்றரை வில்லையை மடித்து 5 சென்டிமீட்டர் சதுரமாக்கி ஒன்றின் நடுவில் வையுங்கள். சுற்றிலும் குறைந்தது 2 சென்டிமீட்டர் ஓரம் வெறுமையாக இருக்க வேண்டும்; உங்கள் சீஸ் ஓடுவதற்குப் பெரும்பாலும் இந்த ஓரம் குறைந்ததே காரணம். மற்றதை மூடி, ஓரத்தைச் சுற்றி விரலால் கிள்ளி ஒட்டுங்கள். பிறகு ஓரத்தைத் தடவிச் சமமாக்கி, கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கறி குளிர்ந்து இறுகினால் ஒட்டிய இடம் பிரியாது.

இதற்கு அதிகச் சூடு ஆகாது. மிதமான தீயில் வார்ப்பிரும்பு வாணலியில் ஒரு பக்கம் 5 நிமிடம். திருப்பும்போது அகலமான கரண்டி வேண்டும். உள்ளே ஆவி சேர்ந்து பந்துபோல உப்பும். அப்படியே விட்டால் ஓரம் வெடிக்கும். திருப்பியதும் மேலே நடுவில் பல்குச்சியால் ஒரே ஒரு துளை போடுங்கள். மறுபக்கமும் 5 நிமிடம். வெப்பமானியைப் பக்கவாட்டில் கறிக்குள் செருகுங்கள். நடுவில் குத்தினால் சீஸின் சூட்டைத்தான் காட்டும், கறி வேகாமலே வெந்ததாக ஏமாறுவீர்கள். செடாரை உள்ளே வைக்காதீர்கள். எண்ணெயாகப் பிரிந்து, வழி தேடி வெளியே வரும்.

நசுக்கிச் செய்யும் மெல்லிய பர்கரை வீட்டில் செய்தால் வாணலியில் ஒட்டிக்கொள்கிறது, மொறுமொறுப்பும் வருவதில்லை, புகை அலாரம் மட்டும் அடிக்கிறது!
– வாசகர், ரெட்மண்ட், வாஷிங்டன்

மூன்றுக்கும் தனித்தனிக் காரணம். ஒட்டுவது, கொழுப்பு குறைந்த 93-7 கறி வாங்கியதாலும், மேலோடு உருவாகுமுன் கிளறியதாலும். மொறுமொறுப்பு வராதது, வாணலி போதிய சூடேறாததால். புகை, எண்ணெய் ஊற்றியதால். இந்தக் கறிக்கு எண்ணெயே வேண்டாம்.

இரண்டு பேருக்கு 240 கிராம் 80-20 கொத்துக்கறி. 60 கிராம் உருண்டைகள் நான்கு. உருண்டை ஒட்டி நிற்கிற அளவுக்கு மட்டும் பிடியுங்கள், பிசைய வேண்டாம். கல்லில் வைக்கும்வரை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். முதலில் இரண்டு பன்னின் வெட்டுப்பக்கத்தில் வெண்ணெய் தடவி, பொன்னிறமாக டோஸ்ட் செய்து எடுத்து வைத்துவிடுங்கள். டோஸ்ட் செய்த பரப்பு சாற்றைத் தடுக்கும். இல்லையென்றால் அடிப்பன் கூழாகிவிடும். இப்போது வார்ப்பிரும்பு வாணலியை மிதத்துக்குச் சற்று மேலான தீயில் ஐந்தாறு நிமிடம் சூடாக்குங்கள். ஒரு சொட்டு நீர் விட்டால் நிற்காமல் உருண்டோடிப் பறக்க வேண்டும். நான்ஸ்டிக் வாணலி கூடவே கூடாது. வெறும் வாணலியை இப்படிச் சூடாக்கினால் பூச்சு கெட்டு நச்சுப்புகை வரும்.

இரண்டு உருண்டைகளை வைத்து, மேலே பேக்கிங் தாள் போட்டு, அடிதட்டையான பாத்திரத்தால் 10 நொடி முழு பலத்தோடு அழுத்துங்கள். இதை முதல் 30 நொடிக்குள் செய்துவிட வேண்டும். அப்போது கொழுப்பு இன்னும் கட்டியாக இருக்கும், சாறு வெளியேறாது. பிறகு அழுத்தினால் உருகிய கொழுப்பெல்லாம் பிதுங்கிப் போகும். ‘பர்கரை அழுத்தாதே’ என்ற அறிவுரையும் ‘அழுத்து’ என்ற அறிவுரையும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல, வேறுபாடு நேரத்தில்தான். தாளை எடுத்து உப்பு, மிளகு தூவி, ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் தொடாதீர்கள். ஓரம் கரும்பழுப்பாகி, மேலே சாறு குமிழ்விடும்போது, கூர்விளிம்புள்ள இரும்புக் கரண்டியைச் சாய்த்து வாணலியோடு ஒட்டிச் சுரண்டி எடுத்துத் திருப்புங்கள். மொறுமொறுப்பு முழுக்க அந்தச் சுரண்டலில்தான் இருக்கிறது. மேலோட்டமாகத் தூக்கினால் அது வாணலியோடு நின்றுவிடும். சீஸ் வைத்து அரை நிமிடம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பன்னில் வையுங்கள். அடுத்த இரண்டுக்கு முன் வாணலியைச் சுரண்டி மறுபடி ஒரு நிமிடம் சூடாக்குங்கள். நான்கையும் சேர்த்து வைக்காதீர்கள்.

வெங்காயம் பிடிக்கும் என்றால் ஓக்லஹோமாவின் எல் ரீனோ ஊர் வழியைச் செய்து பாருங்கள். 1920களில் கறி விலையைச் சமாளிக்க அங்கே வெங்காயத்தை அள்ளிச் சேர்த்தார்கள். இன்று அதுவே ஊரின் பெருமை. ஒரு மில்லிமீட்டர் மெல்லிதாகச் சீவிய வெங்காயம், கறியின் கன அளவுக்குச் சமமாக. உருண்டையின்மேல் குவித்து அழுத்தினால் கறிக்குள் பதிந்துவிடும். திருப்பியதும் வெங்காயம் கொழுப்பில் வதங்கும். தீயைக் குறைத்து, பன்னை மேலே கவிழ்த்து வைத்து அந்த ஆவியிலேயே மிருதுவாக்குங்கள். தடியாக நறுக்கினால் பாதி பச்சையாகவே நிற்கும்.

இரண்டு பீர் குடித்துவிட்டு வீட்டுக்கு ஓட்டிப் போகலாமா? ஐந்து நிமிட தூரம்தான்.
– வாசகர், சால்ட் லேக் சிட்டி, யூட்டா

வேண்டாம். மற்ற மாநிலங்களில் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம், உங்கள் யூட்டாவில் 2018 டிசம்பர் 30 முதல் 0.05. வரம்புக்குக் கீழே இருந்தாலும் தடுமாறி ஓட்டினால் கைது செய்யலாம். அமெரிக்கக் கணக்கில் ஒரு பானம் என்பது 5 சதவீத பீர் 355 மில்லிலிட்டர். பாரில் தரும் பைன்ட் கிளாஸ் 473 மில்லிலிட்டர்வரை பிடிக்கும், சில பீர்கள் 7, 8 சதவீதம். ‘இரண்டு’ என்று நீங்கள் எண்ணுவது உண்மையில் மூன்று நான்கு.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 2015 முதல், குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வருமுன்பே அமெரிக்க வெளியுறவுத்துறை விசாவை ரத்து செய்ய முடியும். மாணவர்களுக்கான எஃப்-1, வேலைக்கான எச்-1பி எதுவானாலும் சரி. அடுத்த தடவை வெளிநாடு போனால் புது விசா, மருத்துவப் பரிசோதனை என்று மாதங்கள் ஓடலாம். காரை விட்டுவிட்டு வாடகைக் காரில் போங்கள். பெரும்பாலான பார்களில் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். பார்டெண்டரிடம் சொல்லி, இரவில் இழுத்துப் போகும் இடமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பர்கரைப் பொட்டலம் கட்டி வாங்கிப் போனால் வீட்டுக்கு வருவதற்குள் நனைந்துவிடுகிறதே?
– வாசகி, மில்வாக்கி, விஸ்கான்சின்

மூடிய பெட்டிக்குள் ஆவி தங்குவதுதான் காரணம். லெட்யூஸ், தக்காளி, ஊறுகாய், சாஸ் எல்லாவற்றையும் தனியாகத் தரச் சொல்லுங்கள். பெட்டியின் மூடியைக் கால் அங்குலம் திறந்தே வையுங்கள். கனத்த பர்கர் என்றால், சிவப்பாகச் சாப்பிடுகிறவர்கள் ஒரு படி குறைத்துக் கேட்கலாம். பெட்டிக்குள் அது இன்னும் சில டிகிரி வேகும். வீட்டில் மைக்ரோவேவ் வேண்டாம். பன்னைப் பிரித்து வெட்டுப்பக்கத்தை வாணலியில் ஒரு நிமிடம், வட்டை மூடி போட்டு இரண்டு நிமிடம். இருபது நிமிடத்துக்கு மேல் பயணம் என்றால் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.